பெட்டிக்குள் அறுபத்தொரு பாயிண்ட்

சேவ் ஆகிவிட்டது என்கிறது. நாலாவது தடவையாகச் சொல்கிறது. ஜெனிஷ் நாலாவது தடவையாக ஃபோல்டரைத் திறந்து பார்க்கிறான், அதில் ஒரு மண்ணும் இல்லை. விண்டோ மட்டும் மூக்குக்கு முன்னால் இருக்கிறது, அதில் தொபியாஸ் மாமாவின் அறுபத்தொரு பாயிண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கின்றன, சும்மா நிற்கின்றன. ஸ்கிரீனில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை. இது எப்படி? பேய்ப்படத்தில்தான் கண்ணாடியில் ஆள் தெரியும், திரும்பினால் ஆள் இருக்காது. இது பேய்ப்படம் இல்லை, காலை பதினொன்றே கால் மணி, துறைமுகத்துக்கு எதிர்ச்சாரியில் ததேயு அண்ணனின் ஜிபிஎஸ், வயர்லெஸ் ரிப்பேர் கடை, பக்கத்து ஐஸ் பிளான்டில் கட்டிகளை நொறுக்கிற சத்தம், மின்விசிறி சுற்றுகிறது ஆனால் காற்று வரவில்லை, சட்டை முதுகில் ஒட்டுகிறது. இதில் பேய்க்கு எங்கே இடம். அவன் ஐந்தாவது தடவையாக சேவ் அடிக்கிறான். சேவ் ஆகிவிட்டது என்கிறது. எங்கேலே, எங்கே சேவ் ஆச்சு, என்று அதன் கழுத்தைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருக்கிறது, அதற்குக் கழுத்து இல்லை. "ஏறியாச்சா மக்கா?" என்று பக்கத்து ஸ்டூலில் இருந்து தொபியாஸ் மாமா கேட்கிறார். "ஏறுது மாமா," என்கிறான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, அவனிடம் கேட்டால் அவனுக்கே தெரியாது, ஆனால் வாய்க்குத் தெரிந்திருக்கிறது.

தொபியாஸ் மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகி நாலு நாள். அகலமான கறுப்புக் கண்ணாடி, அதற்கு உள்ளே பஞ்சு. குனியக் கூடாது, தும்மக்கூடப் பயப்பட வேண்டும், ஒரு மாசத்துக்குக் கடல் காற்றே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், கடலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டுதான் இதையும் சொல்கிறார். இருபத்தாறு வருஷமாக மீன்பிடி போட்டு ஓட்டுகிறவர், இப்போது ஸ்கிரீன் இருக்கிற திசைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், வானொலி கேட்கிறவர் மாதிரி. சாயங்காலம் நாலு மணிக்கு அவருடைய போட்டு கிளம்புகிறது. அவர் இல்லாமல் கிளம்புவது இதுதான் முதல் தடவை. மருமகன் ரெஜின் ஓட்டுகிறான், கூடப் பத்துப் பேர், இருபது நாள் கடல். ரெஜினுக்கு போட்டு ஓட்டத் தெரியும், மீன் எங்கே கிடக்கும் என்று தெரியாது. அது தெரிந்தது மாமாவின் பழைய ஜிபிஎஸ் செட்டுக்கு மட்டும்தான். இருபத்தாறு வருஷத்தில் எந்தெந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், கலவா மீன் கிடைத்தது, எந்த இடத்தில் முழுகிய கப்பல் வலையைப் பிடித்துக் கிழித்தது, எல்லாம் பாயிண்ட் பாயிண்டாக அதற்குள் குத்தி வைத்திருந்தார். பழைய செட்டில் இருந்து எடுத்துப் புது செட்டில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. அரை மணி நேர வேலை. ஜெனிஷ் இதுவரை தனியாக ஏழு செட்டுக்குச் செய்திருக்கிறான், ஒருத்தரும் குறை சொன்னதில்லை, பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகாமல் நின்றவன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி அழுதாளே, அந்த அம்மாவே போன வாரம் சித்தியிடம் "அவன் கைய வச்சா செட்டு பேசும்" என்று சொன்னதை அவன் காதால் கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. கேட்டதால்தான் இன்றைக்கு அவசரப்பட்டான். இல்லை, அதனால் இல்லை. எதனால்? எங்கே ஆரம்பித்தது? முதலில் இருந்து யோசி.

முதலில் விண்டோ வரவே இல்லை. அதுதான் ஆரம்பம். மாமாவின் செட்டு பழசு, அதோடு பேசத் தெரிந்த புரோகிராமும் பழசு, அந்தப் புரோகிராம் இந்தப் புதுக் கம்ப்யூட்டரில் காலே வைக்காது. அதற்காக ததேயு அண்ணன் ஒரு கன்டெய்னர் செய்து வைத்திருக்கிறார், பேச்சில் பெட்டி என்பார். கம்ப்யூட்டருக்கு உள்ளேயே மூடின பெட்டி மாதிரி ஒன்று, அதற்குள்ளே பத்து வருஷத்துக்கு முந்தைய உலகம், புரோகிராம் அந்த உலகத்தில் சந்தோஷமாக ஓடும், அதன் விண்டோ மட்டும் வெளியே நம்ம ஸ்கிரீனில் வந்து நிற்கும். பெட்டிக்கு உள்ளே ஸ்கிரீன் கிடையாது. அதனால் கிளப்பும்போதே நம்ம ஸ்கிரீன் இன்ன இடத்தில் இருக்கிறது என்று அதற்கு விலாசம் சொல்ல வேண்டும், நம்ம ஸ்கிரீனிடமும் ஓர் ஆள் வருவான், விடு என்று சொல்லி வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் சொல்லாவிட்டால் டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு பெட்டி செத்துப்போகும். இன்று காலை ஆறு தடவை செத்தது. நேற்று வரை வேலை செய்த அதே கட்டளை. ராத்திரி கம்ப்யூட்டர் தானாக எதையோ புதுப்பித்துக்கொண்டதாம், அதற்குப் பிறகு விலாசம் மாறிவிட்டதா, கதவு மாறிவிட்டதா, ஒன்றும் புரியவில்லை. மாமா பக்கத்தில் தொண்டையைக் கனைக்கிறார். "என்னலே, பொண்ணு பாக்க வந்தவன் கணக்கா சும்மாவே உக்காந்திருக்கே? கேள்வி எதாவது கேளு அதுக்கிட்ட." அவன் நெட்டில் தேடி, எவனோ எழுதிய ஒரு நீளக் கட்டளையை எடுத்து, பழையதை அழித்துவிட்டு அதை ஒட்டினான். விண்டோ திறந்தது. ஓ என்று கத்திவிட்டான். மாமாவும் சேர்ந்து ஓ என்றார், எதற்கு என்று தெரியாமலே. அந்த ஓ-வில்தான் மறந்தான். பழைய கட்டளையில் கடைசியில் ஒரு துண்டு இருந்தது, இந்த ஃபோல்டரை உள்ளேயும் காட்டு என்று. பெட்டியில் போட்ட ஓட்டை மாதிரி. உள்ளே இருந்து வெளியே வர அந்த ஒரு வழிதான், வெளியே வந்த ஃபைலைத்தான் புது செட்டு வாங்கும். புதுக் கட்டளையில் அது இல்லை. ஓட்டை இல்லாத பெட்டி. விண்டோவை மூடினால் பெட்டி அழிந்துபோகும், உள்ளே சேவ் ஆனதும் சேர்ந்து அழியும், அப்படித்தான் அண்ணன் செய்து வைத்திருக்கிறார், வேண்டுமென்றே.

வேண்டுமென்றேதான். அதுதான் இந்தக் கடையின் பேர். மற்ற கடையில் செட்டைக் கொடுத்தால் பாயிண்டைக் காப்பி எடுத்து இன்னொருத்தனுக்கு விற்றுவிடுவான் என்று கரை முழுக்கப் பயம், பொண்டாட்டிக்குக்கூடப் பாயிண்ட் சொல்லாதவர்கள் கடைக்காரனுக்கா சொல்வார்கள். ததேயு அண்ணன் அவர்களை உட்கார வைத்துக் காட்டினார், இதோ பெட்டி, இதோ உங்க பாயிண்ட், புது செட்டில் ஏற்றியாச்சு, வெளிய வந்த ஃபைலை அழிச்சாச்சு, இப்போ விண்டோவை நீங்களே மூடுங்க, பெட்டி இருக்கா பாருங்க, இல்ல, போச்சு, அவ்வளவுதான். அவர்கள் மூடுவார்கள். மவுஸைப் பிடிக்கத் தெரியாதவர்கூட அந்த ஒரு கிளிக்கைத் தானே அழுத்திவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதற்கு ஒரு முறையே உண்டு. பாயிண்ட் ஸ்கிரீனில் இருக்கும் வரை கடைக்காரன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவான், எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்வான். எழுதுகிற காகிதம் மேஜையில் இருக்கக் கூடாது. செல்போன் எல்லாம் டிராயருக்குள், டிராயர் சாவி வந்தவர் சட்டைப்பையில். வேறு போட்டுக்காரன் கடைக்குள் வந்தால் அந்த நொடியே விண்டோ மூடப்படும். இன்றைக்கு மாமாவால் பார்க்க முடியாது என்பதால் சுவருக்குத் திரும்புகிறது மட்டும் நடக்கவில்லை. "நீயே பாத்துக்க," என்றார், ஆனால் சாவியை மறக்காமல் வாங்கிக்கொண்டார், பை மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தார், இப்போதும் தடவிப் பார்க்கிறார். அவன் போன் டிராயருக்குள் கிடந்து நடுங்குகிறது, அம்மாவாக இருக்கும், சோறு கொண்டு வரவா என்று கேட்க. ஒரு போட்டோ எடுத்தால் முடிந்தது கதை. ஒரே ஒரு போட்டோ. கம்ப்யூட்டரே தன் ஸ்கிரீனைப் படம் எடுக்கிற வசதியை அண்ணன் முடக்கி வைத்திருக்கிறார், அதுவும் முறைதான். சாவி அந்தப் பைக்குள், பை அந்த நெஞ்சின் மேல், நெஞ்சு மூச்சு விட்டுக்கொண்டு இரண்டடி தூரத்தில்.

சரி, அதனால் என்ன, விண்டோவை மூடு, ஓட்டையோடு புதுப் பெட்டி போடு, செட்டில் இருந்து மறுபடி இழு, பத்து நிமிஷம், இதைத்தானே எந்த மடையனும் செய்வான் என்று அவன் மண்டை சொல்கிறது, சொன்ன உடனே வயிற்றுக்குள் அந்தச் சத்தம் கேட்கிறது. பீங் என்று நீளமாக. செட்டு செத்த சத்தம். ரெஜின் அதைப் போட்டில் இருந்து கழற்றும்போதே ஒரு பைக் பேட்டரியில் கோத்துக் கொடுக்க, மாமா மடியில் பிள்ளை மாதிரி வைத்து ஆட்டோவில் கொண்டு வந்தார், கரண்ட் விடாமல் கொண்டு வா என்று ததேயு அண்ணன் போனில் சொன்னாராம். ஏன் என்று ஜெனிஷிடம் யாரும் சொல்லவில்லை. சேவ் ஆகிவிட்டது என்று முதல் தடவை வந்ததும், ஆயிற்று என்று அவன் பேட்டரிக் கிளிப்பை உருவினான். பீங். செட்டுக்கு உள்ளே நினைவைக் காப்பாற்றுகிற சின்ன பேட்டரி ஒன்று இருக்கும், சட்டைப் பொத்தான் அளவு, அது எந்தக் காலத்திலோ செத்திருக்கிறது. கிளிப்பை மறுபடி மாட்டினான், செட்டு எழுந்தது, புதுசாய்ப் பிறந்த மாதிரி மொழியைத் தேர்ந்தெடு என்று கேட்டது. பாயிண்ட் எத்தனை? பூஜ்யம். "என்ன சத்தம் மக்கா?" "ஒண்ணுமில்ல மாமா, ஆஃப் பண்ணினேன்." அதுதான் முதல் பொய். அப்போதே சொல்லியிருக்கலாம். அப்போது ஃபைல் இருக்கிறது என்று நினைத்தான், அதனால் அது பொய்யே இல்லை, பாதிப் பொய், அப்புறம் ஃபோல்டரைத் திறந்தான், திறந்தவுடன் அது முழுப் பொய்யாக ஆகிவிட்டது, அவன் ஒன்றும் செய்யவில்லை, அதுவே வளர்ந்துவிட்டது. ஆக இப்போது உலகத்திலேயே அந்த அறுபத்தொன்றும் இருக்கிற ஒரே இடம் இந்த விண்டோவுக்குப் பின்னால் இருக்கிற பெட்டி. அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது? இந்தக் கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டரில் எங்கே? தெரியாது.

பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருக்கிற ஃபைலை வெளியே எடுக்கலாம் என்று நெட்டில் ஒரு பக்கம் சொல்கிறது. படித்தான். மூச்சு வந்தது. பெட்டியின் பெயரைக் கொடு, ஃபைல் இருக்கிற இடத்தைக் கொடு, அவ்வளவுதானாம். பெயர் கிடைத்தது, அதுவாக வைத்துக்கொண்ட ஏதோ கோமாளிப் பெயர். இடம்? விண்டோவில் சேவ் பண்ணுகிற இடத்தில் வீடு படம் போட்டிருக்கிறது, ஹோம். வெளியேயும் ஹோம் இருக்கிறது, வீடு படம், அதே நீலம், அதே ஓடு. அந்த விலாசத்தையே அடித்தான். அப்படி ஒன்றும் இல்லை என்றது. எழுத்தை மாற்றி அடித்தான். அப்படி ஒன்றும் இல்லை. யாருடைய ஹோம்? உள்ளே ஓடுகிறவன் யார்? அவன் உள்ளே ஜெனிஷா, அண்ணனா, வேறு யாராவதா, உள்ளே அவனுக்குப் பெயர் என்ன? வெளியே ஹோமில் சோதிக்கலாம் என்று ஜெனிஷ் என்று ஒரு வெற்று ஃபைல் போட்டான், விண்டோவின் ஹோமில் தேடினான், ஜெனிஷ் அங்கே இல்லை. அவன் பெயரில் ஒரு வீடு, அவனுக்கே அதில் இடம் இல்லை. மூன்றாவதாக ஏதோ அடிக்கப் போனான், அடிக்கிறது பெட்டியை நிறுத்துகிற கட்டளையாக இருந்துவிட்டால்? இங்கிலீஷில் எழுதியிருக்கிறது, நாலு வார்த்தை புரிகிறது, ஐந்தாவது வார்த்தை தெரியவில்லை. விரலைத் தூக்கிவிட்டான். பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் சார் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் "புரியுதா?" என்பார், அறுபது பேரும் புரியுது சார் என்பார்கள், ஜெனிஷ் "புரியல்ல சார்" என்றான். எது புரியல்ல என்றார். எல்லாமே என்றான். வகுப்பு சிரித்தது, சார் வெளியே நில் என்றார். அடுத்த வாரமும் புரியவில்லை, அடுத்த வாரமும் வெளியே. வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் போர்டைப் பார்ப்பான், உள்ளே இருந்ததைவிட அங்கிருந்து கொஞ்சம் புரிந்தது, அதைச் சொன்னபோது திமிர் என்றார்கள். வெளியேதானே நிற்கிறேன், அப்படியே வீட்டுக்குப் போகிறேன் என்று வந்துவிட்டான். புரியவில்லை என்று சொல்ல அப்போது கூச்சம் இல்லை. இப்போது இந்த ஒரே ஒரு ஆளிடம், அதுவும் கண் தெரியாத ஆளிடம், அந்த ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அங்கே போனது அவன் படிப்பு மட்டும். இங்கே பதினொரு பேர். அந்தப் பட்டியலில் பாதிதான் மீன் இடம், மீதி போகக்கூடாத இடம், மாமா அதற்கெல்லாம் 'போவாத' என்றே பெயர் வைத்திருக்கிறார், போவாத1, போவாத2, போவாத30 வரைக்கும். அந்த இடங்களில் வலை மாட்டினால் போட்டு ஒரு பக்கமாகச் சாயும். ரெஜினுக்கு அது தெரியாது. பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் இருந்த சுபின் அந்தப் போட்டில்தான் போகிறான், நேற்று இந்தக் கடை வாசலில் நின்று புதுச் செருப்பைக் காட்டினான், கடலுக்குப் போகிறவனுக்கு எதற்குலே செருப்பு என்று ஜெனிஷ் கேலி பண்ணினான்.

கடையின் பட்டன் போன் மேஜையில் இருக்கிறது, கேமரா இல்லாததால் அதற்கு விலக்கு. ததேயு அண்ணன் சாமான் எடுக்க கொச்சிக்குப் போயிருக்கிறார். அடித்தான். பஸ் சத்தம், ஹாரன், மலையாளத்தில் யாரோ சண்டை. "அண்ணே, ஃபைல் வெளிய வரல்ல." "ஃபோல்டர் குடுத்தியாலே?" "குடுத்த மாதிரிதான் இருக்கு." "மாதிரியா? மாதிரின்னா என்னலே? குடுத்தியா இல்லியா?" மாமாவின் காது இந்தப் பக்கம் திரும்புகிறது, தலை திரும்பவில்லை, காது மட்டும் திரும்புகிற மாதிரி அவனுக்குத் தோன்றுகிறது. "விண்டோ வேற மாதிரி தொறந்தேன் அண்ணே." "செரி, போட்டும். அந்த விண்டோவ மூடு. பழைய கட்டளையில ஸ்கிரீன் வெலாசத்த மட்டும் மாத்தி அடி. செட்டுல இருந்து மறுபடி இழு. செட்டுலதான் எல்லாம் கெடக்கே, எதுக்குப் பயப்படுதே?" செட்டில் இல்லை அண்ணே. சொல்லு. செட்டில் இல்லை. போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான். "கேக்குதா? மூடுலே மொதல்ல. மூடிட்டு அடி," என்றார் அண்ணன், லைன் போய்விட்டது. மறுபடி அடித்தான், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். அவளுக்கு என்ன, அவளுக்கு நாலு மணிக்கு போட்டு இல்லை. "என்ன சொல்லுதான் ததேயு?" "மூடிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுதாரு மாமா." "அப்போ மூடு. அவன் சொன்னா செரியாத்தான் இருக்கும்." மவுஸ் அவன் கையில் இருக்கிறது. பெருக்கல் குறி மூலையில் இருக்கிறது, சின்னதாய், சிவப்பாய். மூடிவிட்டால் ஒருவேளை செட்டில் எங்காவது மிச்சம் இருக்குமோ? பூஜ்யம் என்று காட்டினாலும் உள்ளே ஆழத்தில் கிடக்குமோ? இருக்காது. ஒருவேளை இருந்தால்? மூடிவிட்டு செட்டு இப்போதுதான் செத்தது என்று சொல்லிவிடலாம். பழசு மாமா, நாம என்ன செய்ய. மாமா நம்பிவிடுவார். யாரும் திட்டமாட்டார்கள். எவ்வளவு சுலபம். இவ்வளவு சுலபமா இது என்று அவனுக்கே பயமாக இருந்தது, தன் மண்டைக்குள்ளே தனக்குத் தெரியாத ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

"அந்தப் போஸ்டு ஆபீஸ் பக்கத்துல வெளக்கு எரியுதாலே இப்ப?" என்று மாமா சம்பந்தம் இல்லாமல் கேட்டார். பகலில் எப்படி மாமா எரியும் என்றான். "இல்ல, எனக்கு மஞ்சளா ஒண்ணு தெரியுவு. ஆபரேசன் பண்ணினதுல இருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் மஞ்சளா ஒண்ணு. இருக்கா இல்லியான்னு ஒருத்தன்கிட்டயும் கேக்க முடியல்ல. ஸ்டெல்லாகிட்ட கேட்டா அழுதுருவா." ஜெனிஷ் கண்ணைப் பட்டியலுக்குத் திருப்பினான். ஸ்டெல்லா அவர் மனைவி. பட்டியலில் ஸ்டெல்லா இல்லை, ரோசி இருக்கிறது, ரோசி1, ரோசி2, ரோசிநல்லது. யார் அந்த ரோசி? பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி காது சூடானது. இதைத்தான் பொத்தி வைக்கிறார்கள்போல. எண்ணை மட்டும் இல்லை. வெளியே ஐஸ் பிளான்டில் மெஷின் நின்றது, நின்ற பிறகுதான் அது அவ்வளவு நேரமும் தன் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. அந்த அமைதியில் வாசலில் செருப்புச் சத்தம். "ததேயு உண்டா? வயர்லெஸ்ஸு கொரகொரன்னு சத்தம் போடுவு, பேச்சு கேக்கல்ல," என்று கையில் வயர்லெஸ்ஸைப் பிடித்துக்கொண்டு படி ஏறி உள்ளே வந்தார் அருளப்பன். மேலத்தெரு போட்டுக்காரர். மாமா பார் தேடி அலைந்த வருஷங்கள் எல்லாம் பின்னாலேயே வந்து மோப்பம் பிடித்தவர் என்று மாமாவே காலையில் ஆட்டோவில் இருந்து இறங்கும்போது சொன்ன அதே அருளப்பன். மாமாவுக்கு முகம் தெரியாது, குரல் போதும். ஸ்டூல் கிறீச்சிட்டது. "லேய், மூடு."

ஸ்கிரீன் வாசலைப் பார்த்து இருக்கிறது. சின்னதாக்கி வைக்கலாமா? போன மாசம் இந்தப் புரோகிராமைச் சின்னதாக்கி மறுபடி பெரிதாக்கியபோது வெறும் சாம்பல் நிறமாகத்தான் திரும்பி வந்தது, அன்றைக்கு செட்டு உயிரோடு இருந்தது. "மூடுலே, காது கேக்கல்லியா?" அவன் மூடவில்லை. எழுந்து ஸ்கிரீனைக் கட்டிப் பிடித்தான். உண்மையாகவே கட்டிப் பிடித்தான், இரண்டு கையாலும், வயிற்றில் அணைத்து, ஸ்கிரீன் சுட்டது, தூசி மணத்தது, எவ்வளவு அசிங்கமாக இருக்கும் பார்க்கிறவர்களுக்கு என்று ஒரு மூலையில் தோன்றியது, இன்னொரு மூலையில் அந்த ஒரு வார்த்தை தானாகக் கிளம்பி வாய்க்கு வந்துவிட்டது. "மூட முடியாது மாமா. மூடினா போயிரும். செட்டுல ஒண்ணும் இல்ல. நான் கிளிப்ப உருவினேன், செட்டு செத்துட்டு. ஃபைலும் இல்ல. இதுல மட்டும்தான் இருக்கு. இத எப்பிடி வெளிய எடுக்கணும்ன்னு எனக்குத் தெரியல்ல. காலையில இருந்து ஒண்ணுமே புரியல்ல." கடைசி வார்த்தையில் குரல் உடைந்து கேவலமாக ஒரு சத்தம் வந்தது. மாமா கையை நீட்டி மேஜையைத் தடவினார், செட்டைக் கண்டுபிடித்தார், கட்டை விரலால் அந்தப் பட்டனை அழுத்தினார், ஓர் ஆயிரம் தடவை அழுத்தியிருப்பார். பாயிண்ட் இருந்தால் இரண்டு குட்டைச் சத்தம் வரும். ஒரே ஒரு நீளச் சத்தம் வந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். அதே சத்தம்.

அருளப்பன் இவன் முதுகைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு வயர்லெஸ்ஸை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பி, வாசலைப் பார்த்து, முதுகை இவர்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றார். யாரும் அவரைத் திரும்பச் சொல்லவில்லை. துணி மாற்றுகிற ஆளைக் கண்டால் திரும்புகிற மாதிரிதான் திரும்பினார், அகலமான முதுகு, வாசல் முக்கால்வாசி அடைபட்டது, கடைக்குள் வெளிச்சம் குறைந்தது. "ஓய் தொபியாசு," என்றார் தெருவைப் பார்த்தே. "நான் ஒண்ணும் காணல்ல கேட்டீரா. வேணும்ன்னா கண்ண பொத்திக்கிடுதேன்." "நீரு பொத்தினாலும் ஓட்டை வச்சித்தான் பொத்துவீரு," என்றார் மாமா. குரல் நடுங்கியது, கோபமா வேறு எதாவதா, ஜெனிஷுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. படியில் ஏறப்போன வேறு யாரையோ அருளப்பன் "உள்ள ஆளு இருக்கு, பொறவு வா," என்று விரட்டினார். ஜெனிஷ் ஸ்கிரீனை விட்டான். சட்டையில் சதுரமாகத் தூசி. புது செட்டு வந்த அட்டைப்பெட்டி காலடியில் கிடந்தது, அதைப் பிரித்து வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்தான், அட்டைக்கு விலாசம் எழுதுகிற கறுப்பு மார்க்கரை எடுத்தான். கரண்ட் போவதற்குள் முதலில் இதில் இறங்கட்டும், புது செட்டில் பிறகு ஒவ்வொன்றாகக் குத்தலாம். அறுபத்தொன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நீள எண். ஒரு எண் தப்பினால் ரெஜின் பாருக்கு ஒரு மைல் தள்ளிப் போய் நிற்பான், இல்லாவிட்டால் போவாத இடத்தில் போய் நிற்பான். ஏழு, நாற்பத்திரண்டு, புள்ளி, மூன்று, எட்டு, ஐந்து. எழுபத்தாறு. மார்க்கர் அட்டையில் கிறீச் கிறீச் என்றது.

"என்னலே சத்தம்?" என்றார் மாமா. "எழுதுதேன் மாமா." அவர் கண்ணாடி அவன் பக்கம் திரும்பியது, கண்ணாடியில் மின்விசிறி சின்னதாகச் சுற்றியது. "எழுதாத." அவன் எழுதினான். "எழுதினது எழுதினதுதான் மக்கா. இன்னைக்கி உங் கையில, நாளைக்கி எவன் கையில? இருவத்தாறு வருசம் ஒரு தாள்ல ஏத்தாம வச்சிருந்தேன். போனா போவட்டும். கண்ணு வந்ததும் நானே போயி ஒவ்வொண்ணா எடுப்பேன். ரெஜின் இந்தத் தடவ கரையோரமா நிக்கட்டும்." ரெஜின் கரையோரம் நிற்கமாட்டான், மாமனார் இல்லாத முதல் தடவை, நிற்பானா, இருபது நாள் டீசல் எரித்துவிட்டு வெறும் போட்டோடு வருவானா, மாமாவுக்கும் அது தெரியும், தெரிந்துதான் சொல்கிறார், ஆனால் எதைத் தெரிந்து எதைச் சொல்கிறார் என்று அவனுக்குப் பிடிபடவில்லை, தான் செய்கிறது சரியா என்றும் தெரியவில்லை, இது திருட்டா, உதவியா, இரண்டும்தானா. ரோசி1 வந்தது. எழுதினான். போவாத4 வந்தது, அதைக் கொஞ்சம் பெரிதாக எழுதினான். மாமா கையைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோய்ச் சாவியைத் தொட்டார், அப்படியே வைத்திருந்தார். "மூடு மக்கா. நாந்தான் சொல்லுதேனே. எம் பாயிண்ட், நான் சொல்லுதேன், மூடு." இந்தத் தடவை அதட்டல் இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது, பெரிய ஆள் ஒருத்தர் அவனிடம் கெஞ்சுவது இதுதான் முதல் தடவை, மார்க்கர் ஒரு நொடி நின்றது. எழுபத்தாறு, ஐம்பத்தொன்பது, புள்ளி. வாசலில் அருளப்பன் காலை மாற்றி நின்றார், திரும்பவில்லை.

"மூடியாச்சா?" என்று மாமா கேட்டார்.

"இல்ல மாமா," என்றான் ஜெனிஷ், அடுத்த வரிக்குக் கண்ணைக் கொண்டுபோய்க்கொண்டே.